லமினேற் செய்த கூரை

ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் மச்சாள் றஞ்சியின் குசினிக்குள் நுழைந்து பயணப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, விசாரணை தொடங்கிவிட்டது.

"யப்பானிலை இருந்து பன்ரண்டு மணித்தியாலம் பறந்து, ஒரு கிழவியிட்டைக் கடதாசி வாங்கவே வந்தனி? ஏன், அங்கை கடதாசி முடிஞ்சு போச்சே?"

"உங்களையும் பாக்கத்தானே மச்சாள் வந்தனான்."

"ஓமோம். முதல்லை கடதாசி, பிறகு மச்சாள். இந்தா, றோல் ஆறப்போகுது."

மட்டன் றோல் ஆறவில்லை. நாக்கைச் சுட்டது. இருபத்திரண்டு வருடம் யொக்கோகாமாவில் இருந்து சூட்டோடு சாப்பிடும் பழக்கம் எனக்குப் போய்விட்டிருந்தது. இரண்டாவது றோலில் திரும்பி வந்துவிட்டது.

என் வேலையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது எப்போதும் சிரமம். யப்பானில் ஒரு கட்டடக் கலைஞர் இறந்தால் அவருடைய அலுவலகம் மூடப்படும். வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் வரைபடங்கள், கடிதங்கள், வேலைத்தளக் குறிப்பேடுகள் எல்லாவற்றையும் கட்டித் தெருவில் வைப்பார்கள். அதற்கு முன் போய் அவற்றைக் கேட்டு வாங்கி, பட்டியல் போட்டு, தட்டையான இழுப்பறைகளில் படுக்க வைப்பது எங்கள் காப்பகத்தின் தொழில். சுருக்கமாகச் சொன்னால் குப்பை லொறியோடு ஓட்டப்போட்டி. பாதிக்குப் பாதி லொறிதான் வெல்லும்.

இந்தமுறை போட்டி கொஞ்சம் தூரத்தில். மியாதா என்ற கட்டடக் கலைஞர் எழுபது வருடங்களுக்கு முன் வடக்கே ஒரு துறைமுக ஊரில் சின்ன நூலகம் ஒன்று கட்டினார். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. முழு மரக்கூரையையும் இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இப்போது மழை ஒழுகுகிறது, பூட்டி வைத்திருக்கிறார்கள். திருத்துவதா இடிப்பதா என்று ஊர்ச்சபை இந்த மாதக் கடைசியில் முடிவெடுக்கப் போகிறது. கம்பி எவ்வளவு தடிப்பு, எந்த இடத்தில் எப்படிப் பூட்டியது என்று தெரியாமல் கை வைக்க மாட்டோம் என்று பொறியியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். அது இருப்பது ஒரே ஒரு தாளில். அந்தத் தாள் இருப்பது மியாதாவின் மகள் கெய்கோவிடம், யப்பானிய மரியாதையோடு சொன்னால் கெய்கோ சானிடம், ரொறன்ரோவில்.

எங்கள் முதல் கடிதத்துக்கு அவர் சந்தோஷமாகப் பதில் போட்டார். அடுத்த நான்கு கடிதங்களுக்கும் பதிலே இல்லை. போன் எடுத்தால் பனி கொட்டுகிறது என்று சொல்லி வைத்துவிடுவார். யப்பானில் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வானிலையைப் பேசினால் "இல்லை" என்று விளங்கிக்கொள்ள வேண்டும். என் மேலாளர் சக்கமோட்டோ சான் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ரொறன்ரோவில் உறவினர் இருக்கிறார்களா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்து ஆளிடம் கேட்கிற கேள்வியா இது!

அடுத்த நாள் காலை பஸ்சுக்கு நின்றேன். மார்ச் மாதம், வீதியோரம் கறுத்துப்போன பனிக் குவியல்கள். யொக்கோகாமாவில் ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே இருபத்தைந்து நிமிடம் எதுவும் வரவில்லை, பிறகு மூன்று பஸ் ஒன்றாக வந்தன. பக்கத்தில் நின்ற நம்மவர் அன்ரி ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் புதுசே பிள்ளை? உதுகள் உப்பிடித்தான். தனிய வரப் பயம் உதுகளுக்கு" என்றார்.

சப்வேயும் தன் பங்குக்கு நடு வழியில் நின்றது. எல்லோரையும் இறக்கி வேறு பஸ்சில் ஏற்றினார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஒருவரும் குறை சொல்லவுமில்லை. நெரிசலில் ஒரு பெரியவர் தன் நண்பரிடம் ஆங்கிலத்தில், "வேலையை விட்டதில் ஒரே ஒரு கவலைதான், பிந்திப் போவதற்கு இப்போது இடமில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் மடியில் கெய்கோ சானுக்குக் கொண்டுவந்த யப்பானிய இனிப்புப் பெட்டியை நசியாமல் பிடித்தபடி கணக்குப் பார்த்தேன். யப்பானியர் வீட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்துவதே பாவம், நான் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தேன்.

சென் ஜேம்ஸ் ரவுணில் கெய்கோ சான் இருப்பது பதினேழாம் மாடி. மூன்று எலிவேற்றரில் ஒன்றுதான் ஓடியது, அதுவும் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. கதவு திறக்கத் திறக்க ஒவ்வொரு நாட்டுக் குசினி மணத்தது. ஐந்தில் உள்ளி, ஒன்பதில் யாரோ கருவாடு பொரிக்கிறார்கள், பன்னிரண்டில் ஏலக்காய். உடுப்புக் கூடையோடு நின்ற ஒரு பெண் என்னிடம், "பசியோடு இதில் ஏறக்கூடாது" என்றாள்.

கதவைத் திறந்த கெய்கோ சானுக்கு எண்பத்தொரு வயது. நிமிர்ந்த முதுகு, சிவப்புக் கம்பளிச் சட்டை. நான் குனிந்து, பிந்தியதற்கு யப்பானிய மொழியில் ஒரு முழு நீள மன்னிப்புக் கேட்டு நிமிர்ந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்கோ," என்றார். "இருங்கோ."

தமிழ்தான்! இனிப்புப் பெட்டி கையிலிருந்து வழுகப் பார்த்தது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். ஐந்து மணிக்குத் தெரியும் என்று சிரித்தார்.

முதல் நாள் வரைபடம் பற்றி வாயே திறக்கக்கூடாது, அது எங்கள் தொழில் வழக்கம். இனிப்பை வைக்க வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும், முழங்கால் வலியையும் பூச்சாடியையும் விசாரிக்க வேண்டும், எழும்பி வர வேண்டும். ஊரில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் முதலில் தோட்டத்து வெங்காயத்தைப் பற்றிப் பேசுவதுபோலத்தான். அந்த விஷயத்தில் யப்பானுக்கும் எங்கள் மானிப்பாய்க்கும் பெரிய வித்தியாசமில்லை. கணவர் இறந்து பதினொரு வருடம், பிள்ளைகள் இல்லை, யப்பானில் தகப்பனின் வீட்டை விற்கும்போது அவருடைய படங்களைத் தானே போய்க் கொண்டுவந்தது என்பதெல்லாம் அவரே சொன்னார். நான் பூச்சாடியைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

சரியாக ஐந்து மணிக்கு, தட்டாமல் கொள்ளாமல், கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் மூடி போட்ட சட்டி. அறுபது வயதிருக்கும். அன்ரன் அண்ணை, பேசாலைக் கத்தோலிக்கர், இரண்டு கதவு தள்ளி இருப்பவர், பனர் அடிக்கும் அச்சுக்கடை ஒன்றில் வேலை. பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன், காரணம் பிறகு விளங்கும். எப்படியும் பனரைத் தவிர வேறெதுவும் தான் வாசிப்பதில்லை என்று அவரே சொன்னார்.

"ஓ, தமிழ்ப் பிள்ளையே! யப்பானிலை இருந்து ஆள் வருதெண்டு அக்கா சொன்னவ, நான் சப்பை மூக்கோடை ஒராளை எல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்!" என்றார். பிறகு கெய்கோ சானைப் பார்த்துவிட்டு, "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி," என்று குரலைத் தாழ்த்தினார்.

சட்டியில் சொதி. உறைப்பே இல்லாமல், தேங்காய்ப்பாலில் விளைமீன் போட்டு வைத்தது. கெய்கோ சான் அதை யப்பானியச் சோற்றில் ஊற்றி, மேலே உப்பில் ஊறிய புளிப்புப் பிளம்பழம் ஒன்றை வைத்து எனக்கும் தந்தார். ஐயோ, என்ன ருசி! இருபத்திரண்டு வருடம் இரண்டையும் தனித்தனியாகத் தின்றேனே, எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. கணவர் செத்த அன்றைக்கு ஒரு சட்டி சொதியோடு வந்தவராம், அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லையாம். அவர் இவரை "அக்கா" என்கிறார், இவர் அவரை "அன்ரன் சான்" என்கிறார். நடுவில் இருவருக்கும் பாதிப் பாதி ஆங்கிலம்.

மூன்றாம் நாள் கேட்டேன். கெய்கோ சான் அலுமாரியைத் திறந்தார். பதினான்கு கடதாசிக் குழாய்கள். நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். இந்த வேலையில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை. மெல்லிய வரைதாளில் பென்சில் கோடுகள், அழித்து அழித்துப் போட்ட படிகள், ஓரத்தில் தச்சருக்கு எழுதிய குறிப்புகள். படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் மியாதா எழுதியிருந்தார்: "பிள்ளைகள் இதில் தொங்குவார்கள். தொங்கவேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. இன்னும் தடிப்பாக்கவும்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். கெய்கோ சான், "தொங்கினது நான்தான்" என்றார்.

எல்லாம் இருந்தது. கூரை மட்டும் இல்லை.

"அது நனைந்துவிட்டது. எறிந்துவிட்டேன்," என்றார் கெய்கோ சான், யன்னலைப் பார்த்துக்கொண்டு. பிறகு, "வெளியே பனி கொட்டப்போகிறது," என்றார்.

கூரைத் தாள் இல்லையென்றால் நூலகமும் இல்லை. மிச்சமிருக்கும் நூற்றுச்சொச்சம் படங்களும் இடித்த கட்டடம் ஒன்றின் நினைவுப்பொருள்தான். அந்த நேரம் பார்த்து அன்ரன் அண்ணை வந்தார், அன்றைக்கு அவருக்கு லீவு. என்ன தங்கச்சி முகம் வாடிக்கிடக்கு என்று கேட்டார். நானும் மனம் பொறுக்காமல், கூரைப் படம் தொலைந்துவிட்டதாம் என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

"ரூஃப் படமோ? ஆர் சொன்னது?" என்றார். கெய்கோ சானுக்கு என்ன நடக்கிறதென்று விளங்குவதற்கு முன் அவர் படுக்கையறைக்குள் போய், கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பெரிய தாளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தாள் பளபளத்தது. இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக். லமினேற்.

வாசிப்பவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, தேவாலயத்து முதல் நன்மைப் பத்திரம் எதுவானாலும் லமினேற் செய்துவிட்டுத்தான் மூச்சு விடுவோம். ஓடி ஓடி வாழ்ந்த சனம். என் பட்டச் சான்றிதழையே அம்மா லமினேற் செய்துதான் அனுப்பினார். ஆனால் காப்பகத்தில் வேலை செய்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கொடுமை கிடையாது. சூட்டில் பசை உருகித் தாளின் நாருக்குள்ளேயே இறங்கிவிடும். உரித்தால் தாளும் சேர்ந்து உரியும். விட்டால் வருடங்கள் போகப்போக மஞ்சளாகும். ஒட்டினது ஒட்டினதுதான்.

"ஐயோ" தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கெய்கோ சான், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, யப்பானிய மொழியில் மெதுவாகச் சொன்னார்: "தயவுசெய்து முகத்தில் காட்டாதீர்கள். அவருக்குத் தெரியாது."

"ஐயோ," என்றேன் நான், "எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறியள் அண்ணை!"

அன்ரன் அண்ணை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு விளக்கினார். "கரை கிழிஞ்சு கிடந்தது. அக்கா சலோரேப் கேட்டவ. சலோரேப் என்னத்துக்குக் காணும்? எங்கடை கடையிலை கலியாண வீடு, சாமத்திய வீட்டுப் பனர் எல்லாம் லமினேற் பண்ணிற பெரிய மெசின் நிக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை போய்ச் செய்துகொண்டு வந்தனான். வள்ளத்திலை வரேக்கை என்ரை பிறப்புப் பத்திரம் நனைஞ்சு கூழாப் போச்சு தங்கச்சி. நான் பிறந்தனான் எண்டு நிரூபிக்க எனக்கு நாலு வருசம் எடுத்தது. இது அக்காவின்ரை அப்பாவின்ரை கை. நனையக்கூடாதெண்டுதான்."

அவர் சந்தைக்குப் போக எழும்பியதும் கெய்கோ சான் கதவு சாத்தப்படும்வரை காத்திருந்தார். லமினேற் செய்து ஒரு கிழமை கழித்து எங்களுடைய இரண்டாவது கடிதம் வந்ததாம். அதற்குள் வைத்திருந்த பராமரிப்புக் குறிப்புகளில் மூன்றாவது வரி: எந்தக் காரணம் கொண்டும் லமினேற் செய்ய வேண்டாம். அதோடு பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"கொடுத்தால் யார் செய்தது என்று கேட்பீர்கள். பிறகு யாராவது அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவார்கள். யப்பானிய மரியாதைக் கடிதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்."

"நூலகத்தை இடித்துவிடுவார்களே," என்றேன்.

"தெரியும். அழுவேன்," என்றார். "ஆனால் அந்த நூலகம் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு வந்து என் கதவைத் திறப்பதில்லையே."

எனக்குக் கோபமும் வந்தது, அந்த மனுஷியைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது. அன்ரன் சானுக்கு ஒருபோதும் சொல்ல மாட்டேன், எங்கள் காப்பகத்திலிருந்து ஒரு வரிகூட அவருக்குப் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் படமெடுக்க விட்டார். பிளாஸ்ரிக்கில் வெளிச்சம் பட்டுத் தெறித்ததால் யன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, எண்பத்தொரு வயது மனுஷி ஒரு நுனியைக் கையில் தூக்கிப் பிடிக்க, துண்டு துண்டாக நாற்பது படம் எடுத்தேன்.

அன்று மாலை றஞ்சியின் குசினியிலிருந்து சக்கமோட்டோ சானுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே காலை, அப்போதுதான் அலுவலகம் வந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல சங்கடமான செய்தி கேட்ட யப்பானியர் செய்வதுபோல பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். பின்னால் இடியப்ப மாவு குழைத்துக்கொண்டிருந்த றஞ்சி, "என்னடி, உந்த மனுசனுக்கு முட்டு வருத்தமே?" என்று கேட்டாள்.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எண்கள் வாசிக்க முடிகிறதா?"

ஒவ்வொரு கம்பியின் தடிப்பையும் வாசித்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு என் வாக்குறுதியைச் சொன்னேன். எங்கள் பதிவுப் படிவத்தில் தாளுக்கு என்ன நடந்தது, யார் செய்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை வெறுமையாக விட முடியாது. சக்கமோட்டோ சான் பேனாவை மூடி வைத்தார். "நண்பர் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். கடிதமும் போகாது," என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

நான்காம் நாள் விடிய பொறியியலாளர்களின் பதில் வந்திருந்தது. இது போதும், திருத்த வேலைத் திட்டத்தைச் சபைக்குக் கொடுக்கிறோம், இடிக்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. றஞ்சி கட்டித் தந்த அறுபது இடியப்பத்தோடு சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் பறந்தேன், அதாவது மூன்றில் ஒரு பஸ்சில் போனேன். கெய்கோ சான் செய்தியைக் கேட்டுக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு கையளிப்புப் பத்திரத்தில் குத்த, யப்பானியர் கையெழுத்துக்குப் பதிலாக வைத்திருக்கும் பெயர் முத்திரையை எடுத்தார். நாற்பது வருடம் தொடாத சிவப்பு மை கட்டியாகியிருந்தது. சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குழைத்தோம். முத்திரை கொஞ்சம் பரவினாலும் நன்றாகத்தான் விழுந்தது. ஐந்து மணிக்கு மூன்று பேரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். அறுபதில் இருபது என் கணக்கு, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

கடைசி நாள் அன்ரன் அண்ணை என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். மற்றப் படங்களெல்லாம் பெட்டிகளில் பின்னால் வரும். கூரையை மட்டும் நானே கையில் கொண்டுபோகிறேன். லமினேற் செய்த தாள் சுலபத்தில் சுருளாது, அதற்காக அவர் கடையிலிருந்து பனர் சுற்றும் பெரிய குழாய் ஒன்று கொண்டுவந்திருந்தார். நெடுஞ்சாலை முழுக்க நான்தான் பஸ்களைப் பற்றி அலட்டிக்கொண்டு வந்தேன். காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் இருந்தார்.

"தங்கச்சி, உதைக் கழட்ட ஏலாதென்ன?"

"எதை அண்ணை?"

"லமினேற்றை."

நான் திரும்பிப் பின்சீற்றில் கிடந்த குழாயைப் பார்த்தேன்.

"போன வருசம் ஒரு வெள்ளைப் பிள்ளை கடைக்குப் பழைய மாப் ஒண்டு கொண்டு வந்தது. லமினேற் பண்ணித் தரட்டோ எண்டு கேட்டன். பிள்ளை பதறிப்போய் மாப்பை இழுத்துக்கொண்டுது. பிறகு இருந்து எல்லாம் விளங்கப்படுத்திச்சு. எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை. அக்காவின்ரை அப்பாவின்ரை கையை நான் மெசினிலை குடுத்து அவிச்சுப்போட்டன் தங்கச்சி." ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அழுதார். "அண்டைக்கு உங்களுக்குக் காட்டினதே உங்கடை முகத்தைப் பாக்கத்தான். 'ஐயோ' எண்டு தொடங்கினியள். பிறகு வடிவெண்டு முடிச்சியள். அப்பவே விளங்கிட்டுது."

எண்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன, நூலகத்தைத் திருத்தப் போகிறார்கள் என்றேன். அந்தப் படத்தை அவர் கட்டிலுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்திராவிட்டால் நான் வெறுங்கையோடு போயிருப்பேன் என்றும் சொன்னேன். அது உண்மைதான். ஜக்கெற் கையால் முகத்தைத் துடைத்தார்.

"அக்காவுக்கு ஒண்டும் தெரியாது," என்றார். "அவ நான் நல்ல வேலை செய்தனெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. தெரிஞ்சா அந்த மனுசி தாங்காது. மாதாவாணை, சொல்லிப்போடாதேங்கோ."

ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைச் சொன்னால் இரண்டு பேரின் பாரமும் இறங்கிவிடும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வாக்கு வாக்குத்தானே.

"சொல்லமாட்டன் அண்ணை," என்றேன். முந்தாநாள் பதினேழாம் மாடியில் அந்த மனுஷிக்கும் இதையேதான் சொல்லியிருந்தேன்.